ஒரு தடவை ரிங் போய் எடுக்கலைன்னா பேரையே அடிச்சுடறதாங்க? இண்டர்வியூவுக்கு கூப்பிடற எச்.ஆர். எல்லாருக்கும் சத்தியில இருந்து ஒரு திறந்த மடல்

"ஒரு தடவை கூப்பிடுவோம், எடுக்கலைன்னா நாட் இன்ட்ரெஸ்டட்னு போட்டுட்டு அடுத்த பேருக்கு போயிருவோம், அதுதான் எங்க பாலிசி." போன வாரம் உங்கள்ல ஒருத்தர் எங்கிட்ட சொன்னதுங்க இது. கேட்டுட்டு சும்மா இருக்க என்னால ஆவல. அவங்க ஒருத்தருக்குன்னு எழுதாம, கோயமுத்தூரு, திருப்பூரு, பெருந்துறைன்னு நம்ம பக்கத்து கம்பெனிகள்ல ஆள் எடுக்கற எச்.ஆர். சாருங்க, மேடமுங்க, உங்களுக்கு ஆள் புடிச்சு குடுக்கற கன்சல்டன்சிக்காரங்க எல்லாருக்கும் ஒட்டுக்கா எழுதறனுங்க.

நான் சத்தியமங்கலத்துல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வெச்சிருக்கறேன். டிகிரி முடிச்சு வேலை தேடற பசங்க, புள்ளைங்க எல்லாம் இங்கதான் வந்து ரெசுமே டைப் பண்றாங்க, நாக்ரிங்கற வேலை தேடற வெப்சைட்டுல ப்ரொபைல் போடறாங்க, நம்ம கவர்மெண்டோட தனியார் துறை வேலை இணையத்துல பேரு பதியறாங்க, வேலைவாய்ப்பு முகாம் நடக்குதுன்னா பத்து காப்பி ரெசுமே எடுத்துட்டு போறாங்க. நீங்க கூப்பிடறப்ப பாதி பேரு என்ற கடையிலயேதான் உக்காந்திருப்பாங்க. உங்க போன் வந்தா அந்த புள்ளைங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு நான் பாக்கறனுங்க, நீங்க பாக்கறதில்ல. அதனால இதைச் சொல்ல எனக்கு பாத்தியதை இருக்குதுன்னு நினைக்கறேன்.

அந்த பாலிசி யார் மேல விழுந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். ஒரு அம்மிணி, பி.காம். சி.ஏ. முடிச்சவ, டேலிங்கற கணக்கு சாப்ட்வேர் தெரியும், அப்பா இல்ல, அம்மா மல்லிக்காட்டுக்கு பூ பறிக்க போறவங்க. இருட்டோட கெளம்பிப்போய் பறிச்சு மார்க்கெட்டுக்கு தாட்டி விட்டாத்தான் அன்னைக்கு கூலி. இந்தப் புள்ளை வேலை கிடைக்கற வரைக்கும் ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்குது. காலைல உள்ள போறப்பவே போனை வாங்கி லாக்கர்ல வெச்சிருவாங்க, ராத்திரி கடை சாத்தறப்பதான் கையில வரும். நீங்க கூப்பிட்டது பகல்ல, பதினொரு மணி சுமாருக்கு. ஒரே ஒரு மிஸ்டு கால். ராத்திரி பாத்துட்டு திரும்ப கூப்பிட்டா, இந்த எண்ணுக்கு அழைப்புகள் செல்லாதுன்னு பொம்பளை குரல்ல ரெக்கார்டிங். மறுநாள் கடைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுட்டு எங்கிட்ட ஓடி வந்துச்சு. நம்பரை ட்ரூகாலர்ல போட்டு பாத்தா ஸ்பேம்னு செவப்பா காட்டுது, கீழ சின்னதா உங்க கம்பெனி பேரு. அப்பறம் நான் உங்க வெப்சைட்டுக்குள்ள போய் ஆபீஸ் நம்பரை தேடி எடுத்து, ரிசப்ஷன்ல பேசி, அவங்க ஒரு எக்ஸ்டென்ஷன் குடுத்து, அதுல பேசினப்பதான் அந்த பாலிசி பதில் வந்துச்சு. புள்ளை பக்கத்துலயே நின்னுட்டு கேட்டுட்டு இருந்துச்சுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். "இன்ட்ரெஸ்ட் இல்லாமயா அக்கா ராத்திரி அத்தனை தடவை கூப்பிட்டேன்"னு கேட்டா, நான் என்ன சொல்றதுங்க.

ஆள் இல்லை, ஆள் கிடைக்கறதில்லை, இந்தக் காலத்து பசங்களுக்கு சீரியஸ்னெஸ் இல்லைன்னு ஒவ்வொரு முகாம்லயும் நீங்க பேசறதை நான் கேட்டிருக்கறேன். நீங்க கூப்பிடற நேரத்துல அந்தப் பசங்க எங்க நிக்கறாங்கன்னு ஒரு தடவையாவது ரோசனை பண்ணி பாத்திருக்கீங்களா? காலைல பத்துல இருந்து அஞ்சுக்குள்ள உங்க ஆபீஸ் நேரம். அதே நேரம்தான் அவங்களுக்கும் வேலை நேரம். படிச்சுட்டு சும்மா ஊட்ல உக்காந்திருக்கற அளவுக்கு எங்க பக்கம் நிறைய பேருக்கு வசதி இல்லைங்க. ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட்ல இருப்பாங்க, உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க, கொண்டு போனாலும் மிஷின் சத்தத்துல காதுல ஒன்னும் விழுகாது. சூப்பர் மார்க்கெட் பில்லிங்ல இருப்பாங்க. பெட்ரோல் பங்க்ல இருப்பாங்க, அங்க போனை வெளியவே எடுக்கக்கூடாது. கடம்பூர் மலையில இருக்கற பையன்னா சிக்னல் கிடைக்கற மேட்டுக்கு வந்து நின்னாத்தான் போனே பேசும். நிறைய புள்ளைங்க ரெசுமேல அப்பா நம்பரைத்தான் போட்டிருப்பாங்க, அவரு தோட்டத்துல மடை மாத்திட்டு இருக்கறப்ப உங்க போன் வரும், "ஆருங்க?"ன்னு கேப்பாரு, நீங்க இங்கிலீசுல ரெண்டு வார்த்தை பேசுவீங்க, அவரு "ஆருங்க, சொல்லுங்க"ன்னு திரும்ப கேப்பாரு, நீங்க கட் பண்ணிருவீங்க. பொழுதோட ஊட்டுக்கு வந்து "ஏதோ போன் வந்துச்சு கண்ணு, ஒன்னும் புரியல"ன்னு அவரு சொல்றதோட அந்த வேலை முடிஞ்சு போகுது.

தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்குதுங்க. பேங்க்ல சொல்றாங்க, போலீஸ்ல சொல்றாங்க, கொஞ்ச நாள் முன்னால யாருக்கு போன் பண்ணினாலும் ரிங் போறதுக்கு முன்னால சைபர் கிரைம் எச்சரிக்கைதான் ஓடுச்சு. விளம்பர கால் 140ல ஆரம்பிக்கும், பேங்க் கால் 1600ல ஆரம்பிக்கும்னு இப்ப பசங்களுக்கு நானே சொல்லி குடுக்கறேன். வேலைக்கு கூப்பிடறவங்க நம்பரை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது? நீங்களும் வெறும் பத்து நம்பர் மொபைல்ல கூப்பிடறீங்க, திருடனும் அதே மாதிரி பத்து நம்பர் மொபைல்லதான் கூப்பிடறான். அவன் உங்களை விட பதவிசா பேசறானுங்க, அதுதான் கொடுமை. முழு கம்பெனி பேரு சொல்றான், செலக்ட் ஆயிட்டீங்கன்னு சொல்றான், ஆபர் லெட்டர் பி.டி.எப். கூட அனுப்பறான், அப்பறம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு, யூனிபார்முக்கு, லேப்டாப் டெபாசிட்டுக்குன்னு ஜி.பே. பண்ண சொல்றான். வீடியோவுக்கு லைக் போட்டா காசுன்னு டெலிகிராம்ல ஆரம்பிச்சு பணத்தை புடுங்கினதும் வேலை தேடற இதே புள்ளைங்ககிட்டதான். காசு போன ஒரு பையனோட உக்காந்து சைபர் கிரைம் புகார் நம்பர் 1930க்கு போன் போட்டு புகார் குடுத்தது என்ற கடையில இருந்துதான். அப்படி சூடுபட்ட புள்ளை உங்க நம்பரைப் பாத்து பயப்படறதை சீரியஸ்னெஸ் இல்லைன்னு எழுதி வெக்கறது நியாயமாங்க?

சரி, போனை எடுத்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். எடுத்ததும் என்ன நடக்குது? "ஹாய், ஈஸ் திஸ் சோ அண்ட் சோ, ஐயாம் காலிங் ஃப்ரம்"னு ஆரம்பிச்சு கம்பெனி பேரை ஒரே மூச்சுல முழுங்கிட்டு, கேன் யூ கம் பார் அன் இண்டர்வியூ டுமாரோன்னு முடிச்சிருவீங்க. பஸ்ஸுல நிக்கற புள்ளைக்கு, பக்கத்துல கண்டக்டர் விசில் அடிச்சிட்டு இருக்கறப்ப, இதுல எது காதுல விழும்னு சொல்லுங்க பாப்போம். ஒரு பையன் ட்யூஸ்டேவை தர்ஸ்டேன்னு கேட்டுட்டு வியாழக்கிழமை போய் நின்னான், செக்யூரிட்டி கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாரு. இன்னொரு புள்ளைக்கு சிட்கோன்னு, அதாவது கவர்மெண்ட் தொழிற்பேட்டைன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. அது குறிச்சி சிட்கோவுல எறங்கி வெயில்ல கேட்டு கேட்டு நடந்திருக்குது, கடைசில பாத்தா கம்பெனி இருக்கறது மலுமிச்சம்பட்டி சிட்கோவுல. அங்க போய் சேர்றப்ப லஞ்ச் டைம். லேட்டா வந்தா பங்க்சுவாலிட்டி இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பிட்டாங்க. ஊட்டுக் கல்யாணத்துக்கு கூப்பிட போறவங்க எந்த மண்டபம்னு சொல்லாம வருவாங்களாங்க? போனை வெக்கறதுக்கு முன்னால பஸ் ஸ்டாப் பேரு, பக்கத்துல என்ன இருக்குது, அங்க வந்து யாரைக் கேக்கணும், இந்த மூணையும் சொல்ல அரை நிமிஷம் கூட ஆகாது.

மெயில்ல டீடெயில்ஸ் வரும்னு சொல்றீங்க, அதுவும் தெரியும். பாதி நேரம் வர்றதில்ல. வந்தா ஏதோ ஒரு ஜிமெயில் ஐடியில இருந்து வருது, கம்பெனி பேருல இருக்கற மெயில்ல இருந்து வர்றதில்ல, அதைப் பாத்து உண்மையா பொய்யான்னு நான் எப்படி சொல்றது? கேட்டா கன்சல்டன்சி மூலமா எடுக்கறோம்னு சொல்றீங்க. அந்த கன்சல்டன்சிக்கு இந்தப் புள்ளை ரெசுமே எப்படி போச்சுன்னு கேட்டா பதில் கிடையாது. 2023லயே தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்துருச்சுங்க, யாரோட போன் நம்பரையும் கேக்காம கொள்ளாம கை மாத்திட்டு இருக்கறது இனிமே சாதாரண விஷயம் இல்ல.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப வேகறது. வரச் சொல்லி கூப்பிடற போன்லயே திடீர்னு இண்டர்வியூவை ஆரம்பிச்சுடறீங்க. பேசலாமா, நேரம் இருக்குதான்னு ஒரு வார்த்தை கிடையாது, "டெல் மீ அபௌட் யுவர்செல்ப்" வந்துருது. ஒரு நாள் என்ற கடையிலயே நடந்துச்சு. தாளவாடி பக்கத்து புள்ளை, ஊட்ல பேசறது கன்னடம், பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ், காலேஜ்ல இங்கிலீசு. ஜெராக்ஸ் மிஷின் ஓடிட்டு இருக்குது, வாசல்ல பஸ்காரன் ஹாரன் அடிக்கறான், அது ஒரு காதை விரலால அடைச்சுட்டு மூலையில போய் நின்னுட்டு பேசுது. நான் மிஷினை நிறுத்திட்டேன். "சாரி சார், ஒன்ஸ் எகைன் சார்"னு கேட்டுச்சு. ரெண்டாவது தடவை கேட்டதும் அந்தப் பக்கம் "கம்யூனிகேஷன் ஓகே இல்லைம்மா, தேங்க்யூ"ன்னு வெச்சுட்டாங்க. என்ன வேலைக்கு தெரியுங்களா? ஸ்டோர்ஸ்ல ஸ்டாக் என்ட்ரி. எக்செல்ல ஏத்தணும், ஜி.எஸ்.டி. பில் சரி பாக்கணும், லோடு கொண்டு வர்ற டிரைவர்கிட்ட பேசணும். அந்த டிரைவர் இங்கிலீசுலயா பேசப் போறாரு? மூணு பாஷை தெரிஞ்ச புள்ளைக்கு கம்யூனிகேஷன் இல்லைன்னு அரை நிமிஷத்துல முடிவு பண்ணிட்டீங்க.

வாய்ஸ் ப்ராசஸ், அமெரிக்க கஸ்டமர்கிட்ட பேசற வேலைன்னா போன்லயே இங்கிலீசு பேச வெச்சு பாக்கறது சரிதான், அதை நான் தப்பு சொல்லல. அதுக்கும் ஒரு நேரம் குடுத்து, இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு டெலிபோனிக் ரவுண்டு, அமைதியான இடத்துல இருங்கன்னு சொல்லிட்டு கூப்பிடுங்க. கூப்பிட்ட வேலைக்கு என்ன பாஷை வேணுமோ அதுல சோதிச்சு பாருங்க. மத்த வேலைக்கெல்லாம் தமிழ்ல பேசினா என்னங்க குறைஞ்சு போகுது? நீங்களும் உடுமலை, பல்லடம், ஈரோட்டுக்காரங்கதானே, போனை வெச்சதும் பக்கத்து சீட்டுல நம்ம பேச்சுதானே பேசறீங்க.

எங்க பக்கத்துல செய்ய வேண்டியதை நாங்க செஞ்சுட்டுத்தான் இருக்கோம்ங்க. ரெசுமே டைப் பண்ண வர்ற ஒவ்வொருத்தருக்கும் அரைப்பக்கத்துல ஒரு தாள் அடிச்சு குடுக்கறேன், காசு வாங்கறதில்ல. கம்பெனி முழுப்பேரு, என்ன வேலை, என்னைக்கு, கிழமையோட தேதி, எத்தனை மணி, எந்த பஸ் ஸ்டாப், யாரைப் பாக்கணும், என்னென்ன கொண்டு வரணும், டெஸ்ட் இருக்குதா, திரும்ப கூப்பிட எந்த நம்பர்னு கட்டம் போட்டிருக்கும். நாலா மடிச்சு போன் கவருக்குள்ள வெச்சுக்குவாங்க. வண்டியில இருந்தா "சார், இப்ப பஸ்ல இருக்கறனுங்க, எறங்கி பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன், இந்த நம்பருக்கே கூப்பிடலாங்களா"ன்னு கேக்க சொல்லி குடுத்திருக்கறேன். எழுதினதை ஒரு தடவை திருப்பி படிச்சு காட்ட சொல்லி குடுத்திருக்கறேன், "செவ்வாய்க்கிழமை, காலைல பத்தரை, கீரணத்தம், சரிங்களா சார்"னு. காலர் டியூன்ல சினிமா பாட்டு வேண்டாம், எடுத்ததும் ஹலோ ஹலோன்னு கத்தாம பேரைச் சொல்லுங்கன்னு அதெல்லாம் கூட சொல்லியாச்சு. ஊட்ல அப்பா அம்மாகிட்டயும் சொல்லி வெக்க சொல்லியிருக்கறேன், வேலைக்கு ஆரோ கூப்பிட்டா "புள்ளை வெளிய போயிருக்குது, பேரும் நம்பரும் சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு சொல்லுங்கன்னு.

இத்தனையும் கத்துட்டு போன் எடுக்கற புள்ளை திருப்பி படிச்சு காட்டறப்ப "அதான் சொன்னேன்ல"ன்னு எரிஞ்சு விழுகறீங்க. யாரை பாக்கணும்னு கேட்டா "வந்து எச்.ஆர்.னு சொல்லுங்க"ன்னு வெச்சுடறீங்க. இன்னொரு தேதி கிடைக்குங்களான்னு கேட்டா இன்ட்ரெஸ்ட் இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்கறீங்க. செமஸ்டர் அரியர் எக்ஸாம் அன்னைக்கு விழுந்தா அந்தப் பையன் என்ன பண்ணுவான்? கேள்வி கேக்கற புள்ளையை திமிரு புடிச்சதுன்னு தள்ளி விட்டா, அப்பறம் உங்ககிட்ட வந்து சேர்றது எதையும் கேக்காம தலையாட்டிட்டு மூணாவது நாள் நின்னுக்கற ஆளுங்கதான். அதுவும் உங்களுக்கு நட்டம்தானுங்களே.

நேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சாயந்திரம் ஆறு மணிக்கு கூப்பிட்டு நாளைக்கு காலைல ஒம்பதுக்கு வாங்கங்கறீங்க. சத்தியில இருந்து புளியம்பட்டி, அன்னூரு, கோவில்பாளையம்னு வந்து சரவணம்பட்டில எறங்கறதே லேசுல ஆகாது. பீளமேடு டைடல் பார்க்குன்னா காந்திபுரம் போய் மறுபடி பஸ் மாறணும். தாளவாடி புள்ளைன்னா திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரணும், அந்த ரோட்டுல ராத்திரி வண்டி போக கட்டுப்பாடு இருக்குது, நினைச்ச நேரத்துக்கு கெளம்ப முடியாது. முதல் நாளே கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க, ஒறம்பரை ஊட்டுல வந்து தங்கலாம்னா எல்லாருக்கும் அங்க ஒறம்பரை இருக்குதா? கொஞ்சம் லேட்டாகறதுக்கெல்லாம் குணத்தைக் குறை சொல்லாதீங்க. இருக்கற வேலையில லீவு சொல்லணும், ஒரு நாள் சம்பளம் போகும், நல்ல துணி துவைச்சு அயர்ன் பண்ணணும், பஸ் காசு தேத்தணும். ரெண்டு நாள் முன்னால சொன்னா இதெல்லாம் ஆகும். டவுன் பஸ்ல பொம்பளை புள்ளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறது பெரிய உதவிதான், ஆனா இவ்வளவு தூரம் வர்ற பஸ்ஸுக்கு காசு குடுத்துத்தான் ஆகணும்.

அத்தனை தூரம் வந்து உக்காந்தப்பறம்தான் நடுவுல வேலையை விட்டு போகக்கூடாதுன்னு பாண்டு ரெண்டு வருஷம், ஒரிஜினல் சர்டிபிகேட் எங்ககிட்ட இருக்கணும், நைட் ஷிப்ட் உண்டு, வண்டி வராதுன்னு ஒவ்வொன்னா வெளிய வருது. இதைப் போன்லயே சொல்லியிருந்தா அந்தப் புள்ளை ஊட்ல கேட்டு முடிவு பண்ணிட்டு வந்திருக்கும், இல்ல வராம இருந்திருக்கும். சம்பளமும் அப்படித்தான். போன்ல எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவுன்னு புதுசா படிச்சுட்டு வந்த புள்ளைகிட்ட கேக்கறீங்க, அதுக்கு என்ன தெரியும்? சொல்ல தெரியாம முழிச்சா கான்பிடன்ஸ் இல்லைங்கறீங்க. நீங்க சொல்றப்ப மட்டும் சி.டி.சி., அதாவது ஒரு ஆளுக்கு கம்பெனிக்கு வருஷத்துக்கு ஆகற மொத்த செலவு, 1.8 லட்சம்னு சொல்லுவீங்க. புள்ளை பன்னெண்டுல வகுத்து மாசம் 15,000னு அம்மாகிட்ட சொல்லும். அதுக்குள்ள கம்பெனி கட்டற பி.எப். பங்கும் ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதமும் சேந்திருக்குது, அது போக புள்ளை பங்கு பி.எப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் வேற புடிப்பாங்க. பி.எப். நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. கைக்கு எவ்வளவு வரும்னு போன்ல நேரா ஒரு நம்பரை சொல்லிருங்க, அதை வெச்சுத்தான் ஹாஸ்டல் வாடகை கட்ட முடியுமா, தினமும் போய்ட்டு வர முடியுமான்னு அவங்க கணக்குப் போட முடியும்.

எல்லாரும் இப்படின்னு நான் சொல்லல. கணபதி பக்கத்துல பம்பு பாகம் செய்யற ஒரு சின்ன கம்பெனி. அங்க எச்.ஆர்.னு தனியா ஆள் கூட கிடையாது, கணக்கு பாக்கற பெரியவருதான் கூப்பிடுவாரு. ஒரு பையனுக்கு அவரு கூப்பிட்டப்ப நானும் கேட்டுட்டு இருந்தேன். "தம்பி, நான் இந்த கம்பெனியில இருந்து பேசறேன், சித்த நேரம் பேசலாமா, இல்ல பொழுதோட கூப்பிடட்டுமா"ன்னு தான் ஆரம்பிச்சாரு. என்ன வேலை, என்ன சம்பளம் கைக்கு, எந்த ஸ்டாப்புல எறங்கணும், எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிட்டு, "டிராயிங் படிக்க ஒரு டெஸ்ட் வெப்போம், ரெண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க"ன்னாரு. போனை வெச்ச கையோட வாட்ஸப்புல லொகேஷனும் அட்ரஸும் வந்துருச்சு. அந்தப் பையன் டெஸ்ட்ல பாஸ் ஆகல. அதையும் அவரே கூப்பிட்டு சொன்னாரு, டாலரன்ஸ், அதான் அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம்ங்கற பகுதி வீக்கா இருக்குது, படிச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்ப வாங்கன்னு. வேலை கிடைக்காத அந்தப் பையன் இன்னைக்கும் அந்த கம்பெனியைப் பத்தி நல்லாத்தான் பேசறான். பெரிய கண்ணாடி பில்டிங்கும் ஆள் எடுக்க தனி சாப்ட்வேரும் வெச்சிருக்கற உங்களால இதைச் செய்ய முடியாதாங்க?

அதனால நான் கேக்கறது இதுதான். ஒரு மிஸ்டு காலோட பேரை அடிக்கற பாலிசியை இன்னைக்கே எடுத்துருங்க. எடுக்கலைன்னா கம்பெனி பேரு, கூப்பிடறவங்க பேரு, என்ன வேலை, எந்த நேரத்துல எந்த நம்பருக்கு திரும்ப கூப்பிடணும்னு ஒரு எஸ்.எம்.எஸ்ஸோ வாட்ஸப்போ அனுப்பிட்டு, அடுத்த நாள் வேற ஒரு நேரத்துல இன்னொரு தடவை கூப்பிடுங்க. வாரத்துல ரெண்டு நாளாவது சாயந்திரம் ஏழுக்கு மேல கூப்பிட ஒரு ஆளைப் போடுங்க. திரும்ப கூப்பிட்டா போகாத நம்பர்ல இருந்து தயவு செஞ்சு கூப்பிடாதீங்க.

பேசறப்ப முதல்ல யாரு, எங்க இருந்துன்னு நிதானமா சொல்லுங்க, தமிழ்ல ஆரம்பிங்க, இப்ப பேசலாமான்னு கேளுங்க, எழுதிக்க நேரம் குடுங்க, திருப்பி படிச்சு காட்டினா பொறுமையா கேளுங்க. முன்கூட்டி சொல்லாம போன்லயே இண்டர்வியூ வெக்காதீங்க. கைக்கு வர்ற சம்பளம், ஷிப்ட், பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயம் எல்லாத்தையும் அந்த முதல் போன்லயே சொல்லிருங்க. வெளியூருக்காரங்களுக்கு ரெண்டு நாள் முன்னால சொல்லுங்க, பதினொரு மணிக்கு மேல நேரம் குடுங்க. பேசி முடிச்ச அன்னைக்கே கம்பெனி மெயில்ல இருந்தோ கம்பெனி வாட்ஸப்புல இருந்தோ எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க. வந்துட்டு போனவங்களுக்கு ஆகலைன்னாலும் ஆகலைன்னு ஒரு வரி அனுப்புங்க, "சொல்றோம்"னு சொல்லிட்டு மாசக்கணக்குல காக்க வெக்காதீங்க.

கன்சல்டன்சிக்காரங்களுக்கு, எந்த கம்பெனிக்காக கூப்பிடறீங்கன்னு முதல் வார்த்தையிலயே சொல்லுங்க, வேலை தேடற புள்ளைகிட்ட எந்தப் பேருலயும் காசு கேக்காதீங்க.

போன வாரம் எங்கிட்ட பேசின அந்த மேடத்துக்கு, அந்த பி.காம். அம்மிணியை இன்னொரு தடவை கூப்பிடுங்க. காலைல ஒம்பதுக்கு முன்னால, இல்லைன்னா ராத்திரி ஒம்பதுக்கு மேல கூப்பிட்டா கண்டிப்பா எடுக்கும். டேலியில டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டு, அப்பறம் வேணும் வேண்டாம்னு முடிவு பண்ணுங்க.

கடைசியா எல்லாருக்கும். எந்தெந்த நம்பர்ல இருந்து இண்டர்வியூவுக்கு கூப்பிடுவீங்க, எந்த மெயில்ல இருந்து லெட்டர் வரும், எதுக்கும் காசு வாங்க மாட்டோம்னு உங்க வெப்சைட்டுலயும் கம்பெனி வாசல் போர்டுலயும் தமிழ்ல போடுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள போட முடியும். போட்டீங்கன்னா அதைப் பிரிண்ட் எடுத்து என்ற கடையில ஒட்டி வெக்கறேன், நம்பர் சரியா தப்பான்னு கேட்டுட்டு வர்ற ஒவ்வொரு புள்ளைக்கும் காட்டறேன்.